தங்கை ஸ்பெயினுக்குப் போனாள்... அம்மா ராஜம்பேட்டை கதையைச் சொன்னார்!

என் தங்கை 2025 ஜூலையில் நான்கு வாரங்கள் ஸ்பெயினில் இருந்தாள். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஸ்பானிஷ் பேசக் கற்றுக்கொள்ளப் போனாள். மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கருங்குழியில் இந்த விஷயத்தைச் சொன்னபோது, எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "அதை மெட்ராஸ்லயே கத்துக்க முடியாதா?" என்பதுதான்.

கற்றுக்கொள்ள முடியும். அவளும் சென்னையில் தன் கல்லூரியில் விருப்பப் பாடமாக இரண்டு வருடம் படித்தாள். இலக்கணத்தில் நல்ல மார்க். மொபைல் ஆப்பிலும் விடாமல் பயிற்சி. ஆனால், ஒருநாள் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் ஒரு ஸ்பெயின் தம்பதியைப் பார்த்து, தைரியமாக "எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க?" என்று ஸ்பானிஷில் கேட்டிருக்கிறாள். அவர்களுக்கு ஒரே சந்தோஷம். மடமடவென்று பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அதில் ஒரு வார்த்தைகூட இவளுக்குப் பிடிபடவில்லை. "ரெண்டு வருஷம் படிச்சது எல்லாம் பேப்பர்லயே இருக்குக்கா. காதுக்கு வரவே இல்ல" என்றாள்.

அப்போதுதான் இந்த 'இமர்ஷன்' படிப்பைப் பற்றித் தேட ஆரம்பித்தாள். அந்த மொழி பேசும் ஊருக்கே போய், அந்த மொழி பேசும் குடும்பத்தோடு தங்கி, காலையில் வகுப்பு, மீதி நேரமெல்லாம் அந்த மொழியிலேயே முழுகிக் கிடப்பது. இது புதிய யோசனை கிடையாது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கும் மிடில்பரி கல்லூரி, 1915-லேயே ஜெர்மன் மொழிக்காக இப்படி ஒரு கோடைப் பள்ளியைத் தொடங்கியது. ஸ்பானிஷ் பள்ளி 1917-ல் வந்தது. 'படிப்பு முடியும்வரை இந்த மொழியைத் தவிர வேறு மொழி பேச மாட்டேன்' என்று மாணவர்கள் கையெழுத்துப் போடும் வழக்கம் இன்றும் அங்கே இருக்கிறது.

என் தங்கை தேர்ந்தெடுத்த ஊர் சலமாங்கா. மாட்ரிட்டிலிருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். பயிற்சிக் கட்டணம், ஒரு குடும்பத்தின் வீட்டில் சாப்பாட்டோடு தங்க இடம், விமான டிக்கெட், விசா, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து எங்களுக்கு மூன்றேகால் லட்சம் ஆனது. அப்பா சீட்டை எடுத்தார். நான் என் சேமிப்பிலிருந்து கொஞ்சம் போட்டேன். மீதிக்கு அம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின. "புள்ளை படிப்புக்குத்தானே" என்று அம்மா கழற்றிக் கொடுத்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை மட்டும்தான்!"

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு தங்கை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். "ஞாயித்துக்கிழமை மட்டும்தான் போன் பண்ணுவேன். மத்த நாள்ல 'நல்லா இருக்கேன்'னு ஒரு மெசேஜ் வரும். அவ்வளவுதான்."

அவளுடைய ஸ்பானிஷ் டீச்சரின் அறிவுரை அது. தினமும் ஒரு மணி நேரம் வீட்டுக்கு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தால், உடம்புதான் ஸ்பெயினில் இருக்கும், மூளை கருங்குழியிலேயே இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்.

அம்மாவின் முகம் சட்டென்று மாறிவிட்டது. தங்கை கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில்கூட ராத்திரி ஒன்பது மணிக்கு போன் வராமல் அம்மா சாப்பிட்டதில்லை. "நாங்க என்ன உன் படிப்பைக் கெடுக்கிறவங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அன்றைக்கு யாரும் அதற்கு மேல் பேசவில்லை.

அடுத்த சில நாள்கள் வீடு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. கோடைக்காலத்தில் ஸ்பெயின் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. "இப்ப அங்க மணி என்ன?" என்று கேட்டுக் கேட்டு, அந்தக் கணக்கு அம்மாவுக்கு மனப்பாடமாகிவிட்டது. "ராத்திரி ஒன்பதரை மணிக்கும் வெளிச்சமா இருக்குது" என்று முதல் மெசேஜ் வந்தபோது, "அப்ப எப்பதான் தூங்குவா?" என்று புதுக் கவலை. அங்கே மதியச் சாப்பாடு இரண்டு, மூன்று மணிக்கு. இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல்தான்.

தவளையும் பூனையும்

முதல் ஞாயிறு நம் நேரப்படி மாலை ஆறு மணிக்கு போன் வந்தது. ஊரைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னாள். சலமாங்கா பல்கலைக்கழகம் 1218-ல் தொடங்கப்பட்டது. ஸ்பானிஷ் மொழிக்கு நெப்ரிஹா எழுதிய இலக்கண நூல் 1492-ல் வெளியானது இதே ஊரில்தான். கட்டடங்கள் எல்லாம் மஞ்சள் நிறக் கல். மாலை வெயிலில் தங்கம்போல் மின்னுமாம்.

பல்கலைக்கழகத்தின் பழைய முகப்பில் நுணுக்கமான சிற்பங்கள். அதில் ஒரு மண்டையோட்டின் மேல் குட்டித் தவளை ஒன்று உட்கார்ந்திருக்கும். அதைத் தானாகவே கண்டுபிடிக்கும் மாணவர்களுக்குப் பரீட்சையில் அதிர்ஷ்டம் என்று ஒரு நம்பிக்கை. "நம்ம அர்ஜுனன் தபசுல, ஒத்தைக் கால்ல தவம் பண்ற பூனையைத் தேடிக் காட்டுவாங்கள்ல, அது மாதிரிக்கா" என்றாள்.

தங்கியிருந்த வீட்டில் எழுபது வயதை ஒட்டிய ஒரு பாட்டி மட்டும். அவருக்கு ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாது. முதல் நாள் அவர் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது, தங்கைக்கு ஓர் ஆச்சர்யம். மேசையைக் காட்டி 'மேசா' என்றார். துவாலையைக் கொடுத்து 'தோவாயா' என்றார். துணி வைக்க 'அர்மாரியோ'. நாம் அன்றாடம் சொல்லும் மேசை, துவாலை, அலமாரி எல்லாம் போர்ச்சுக்கீசியர்கள் வழியாகத் தமிழுக்கு வந்த சொற்கள். போர்ச்சுக்கீசும் ஸ்பானிஷும் அக்கா தங்கை மொழிகள். அதனால்தான் அந்த ஒற்றுமை. "நம்ம வீட்டுச் சாமானெல்லாம் எனக்கு முன்னாடியே இங்க வந்து உக்காந்திருக்குக்கா" என்று சிரித்தாள்.

அந்த வாரத்தின் பெரிய காமெடி வேறு. முதல் நாள் வகுப்பு முடிந்து அலுத்துப்போய் வந்தவள், 'களைப்பாக இருக்கிறேன்' என்று சொல்ல நினைத்திருக்கிறாள். அதற்கு 'எஸ்தோய் கன்சாதா' என்று சொல்ல வேண்டும். இவள் நடுவில் இருந்த ஓர் எழுத்தை விழுங்கி, 'எஸ்தோய் கசாதா' என்று சொல்லிவிட்டாள். அதற்கு 'எனக்குக் கல்யாணமாகிவிட்டது' என்று அர்த்தம். பாட்டி கண்கள் விரிய, வாழ்த்துச் சொல்லிக் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டாராம். இதைக் கேட்டு அம்மாகூட வாய்விட்டுச் சிரித்தார்.

'எனக்குப் பிடிக்கும்'

வகுப்பில் தங்கைக்கு ஒரு விஷயம் புரிந்தது. இத்தனை நாள் அவள் ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாகப் படித்திருந்தாள். ஆனால், தமிழ் வழியாகப் பார்த்தால் பல இடங்கள் சுலபமாக இருந்தன.

ஆங்கிலத்தில் 'நான் காபியை விரும்புகிறேன்' என்கிற மாதிரிதான் வாக்கியம் வரும். ஸ்பானிஷில் 'மே குஸ்தா எல் கஃபே'. அதாவது, 'எனக்குக் காபி பிடிக்கும்'. அச்சு அசல் நம் வாக்கியம். 'எனக்குத் தலை வலிக்குது' என்பதற்கும் அதே அமைப்புதான். வகுப்பில் அமெரிக்க மாணவர்கள் திணறிய இந்தப் பாடத்தை இவள் ஒரே நாளில் முடித்துவிட்டாள்.

அடுத்தது, வினைச்சொல். 'பேசுகிறேன்' என்றாலே அதில் 'நான்' இருக்கிறது. 'பேசுகிறோம்' என்றால் 'நாங்கள்' இருக்கிறது. ஸ்பானிஷிலும் 'ஆப்லோ', 'ஆப்லாமோஸ்' என்று விகுதியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். நீ, நீங்கள் என்று நாம் மரியாதை பார்ப்பதுபோல அங்கே 'தூ', 'உஸ்தெத்'. யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவளுக்கு யாரும் விளக்கத் தேவைப்படவில்லை.

கஷ்டமும் இருந்தது. ஸ்பானிஷில் உயிரில்லாத பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. மேசை பெண். புத்தகம் ஆண். "மேசைக்கு எதுக்குடி ஆம்பளை, பொம்பளை?" என்று அம்மா கேட்டார். அஃறிணையில் வளர்ந்த நமக்கு அது நியாயமான கேள்விதான்.

இரண்டாவது ஞாயிறு

இரண்டாவது ஞாயிறு போன் வந்தபோது குரலில் அந்த உற்சாகம் இல்லை. "சாப்பாடு எப்படி?" என்று கேட்டேன். "பருப்பு மாதிரி ஒண்ணு பண்ணினாங்க. நல்லா இருந்துது" என்றாள். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அழ ஆரம்பித்தாள்.

"அக்கா, இங்க நான் வேற யாரோவா இருக்கேன். ஒரு ஜோக் சொல்லத் தெரியலை. கோவம் வந்தாக் கோவப்படத் தெரியலை. எல்லாத்துக்கும் சிரிச்சிக்கிட்டே தலையாட்டுறேன். பாட்டி டி.வி பார்த்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறாங்க. ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் எனக்குப் புரியுது. அதுக்குள்ள அவங்க வேற விஷயத்துக்குப் போயிடுறாங்க. என்னை மந்தம்னு நினைச்சிருப்பாங்க."

பள்ளியிலும் கல்லூரியிலும் பேச்சுப் போட்டி என்றால் பரிசு வாங்காமல் வராதவள் அவள். வீட்டில் அவள் வாயை மூட வைக்க எங்களால் முடிந்ததில்லை. எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "நீ தினமும் போன் பண்ணு, பரவாயில்லை" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டார்.

"பாப்பா, நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப உங்க ஆயாகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா?"

எங்கள் அம்மாவின் ஊர், ஆந்திராவில் கடப்பா பக்கம் ராஜம்பேட்டை. அப்பாவின் பெரியப்பா அந்த ஊரில் கடை வைத்திருந்தார். அவர் பார்த்துச் சொன்ன சம்பந்தம். 1996-ல் கல்யாணமாகிக் கருங்குழிக்கு வரும்போது அம்மாவுக்கு வயது 19. தமிழ் சுத்தமாகத் தெரியாது. இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்த தகவல்தான். ஆனால், அந்த நாள்களைப் பற்றி அம்மா எங்களிடம் பேசியதே கிடையாது.

"வந்த ரெண்டாம் நாள். தாகமா இருந்துது. உங்க ஆயா அடுப்படியிலேருந்து வெளிய போனாங்க. தெலுங்குல தண்ணிக்கு 'நீள்ளு'ன்னு சொல்லுவோம். நான் 'அத்தை, நீள்ளு'ன்னேன். அவங்க காதுல 'அத்தை, நில்லு'ன்னு விழுந்துடுச்சு. புது மருமக மாமியாரை 'நில்லு'ன்னு அதட்டுறாளேன்னு அப்படியே நின்னுட்டாங்க. ஒரு வாரம் என்கூட முகம் கொடுத்துப் பேசலை. எதுக்குக் கோவம்னு எனக்கும் புரியலை. கேக்கவும் பேச்சு வரலை."

போனின் அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து கேட்டது.

"ஊருக்கு எஸ்.டி.டி பூத்லேருந்து மாசத்துக்கு ஒரு தடவைதான் பேசுவேன். அதுவும் பூத்ல ஓடுற காசைப் பார்த்துக்கிட்டே. ஒரு வருஷம் நானும் சிரிச்சிக்கிட்டேதான் தலையாட்டினேன். அக்கம்பக்கத்துல 'ஊமை மருமக'ன்னே பேர் வச்சாங்க. அப்புறம் தானா வந்துடுச்சு. உனக்கும் வரும். உனக்காவது நாலு வாரம். திரும்பி வர்றதுக்கு டிக்கெட் இருக்கு. எனக்கு டிக்கெட் ஏது?"

கடைசி வரியைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அன்று ராத்திரி நான் ரொம்ப நேரம் விழித்திருந்தேன். பணம் கட்டி, விசா வாங்கி, சான்றிதழுக்காகத் தங்கை போன அதே பயிற்சியை அம்மா எந்தச் சான்றிதழும் இல்லாமல் முடித்திருக்கிறார். நம் ஊரில் கல்யாணமாகி வேற்று மொழி வீட்டுக்குப் போன எத்தனையோ பெண்களுக்கும் இது நடந்திருக்கும். ஒரு மொழி வந்து சேரும்போது இன்னொரு மொழி மெல்லப் பின்னால் போய்விடுகிறது. எங்களோடு அம்மா தமிழில்தான் பேசினார். தாலாட்டுகூடத் தமிழில்தான். ராஜம்பேட்டை அம்மம்மா எங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொல்வார். நாங்கள் அம்மாவைப் பார்ப்போம். அம்மா மொழிபெயர்ப்பார். அம்மம்மா இறந்து ஆறு வருடங்கள் ஆகின்றன. அவர் எங்களிடம் நேரடியாகச் சொல்லி, எங்களுக்கு நேரடியாகப் புரிந்த ஒரு முழு வாக்கியம்கூட என் நினைவில் இல்லை.

ஸ்பானிஷில் முதல் ஜோக்

மூன்றாவது வாரம் தங்கையிடமிருந்து புதன்கிழமையே ஒரு மெசேஜ் வந்தது. விதியை மீறித் தமிழில். "அக்கா, பாட்டியைச் சிரிக்க வச்சிட்டேன்!"

அன்று வெளியே சுற்றிவிட்டுக் களைத்து வந்தவள், வேண்டுமென்றே 'எஸ்தோய் கசாதா' என்று சொல்லியிருக்கிறாள். பாட்டி உடனே கதவுப் பக்கம் எட்டிப் பார்த்து, "மாப்பிள்ளை எங்கே?" என்று கேட்டிருக்கிறார். "சாப்பாடு வாசனை வந்தால் வருவார்" என்று இவள் பதில் சொல்ல, பாட்டி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாராம். அவளுடைய முதல் ஸ்பானிஷ் ஜோக். மார்க் வாங்கியதைவிட அதில்தான் அவளுக்குப் பெருமை.

பாட்டி தினமும் பேசும் அதே விஷயங்கள், கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று திரும்பத் திரும்பக் கேட்டதில் காது பழகிவிட்டது. வகுப்பு இடைவேளையில் எல்லோரும் ஆங்கிலத்துக்குத் தாவும்போது, இவள் பிரேசில் மாணவி ஒருத்தியோடு சேர்ந்துகொண்டாள். அந்தப் பெண்ணுக்கும் ஆங்கிலம் வராது. இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஸ்பானிஷ் மட்டும்தான். அதுவே நல்லதாகப் போய்விட்டது.

போக நினைப்பவர்களுக்கு

தங்கை திரும்பி வந்த பிறகு நிறைய பேர் விவரம் கேட்டார்கள். அவள் சொன்னவற்றில் முக்கியமானவை இவை.

அடிப்படையை இங்கேயே படித்து முடித்துவிட்டுப் போனால்தான் நான்கு வாரத்துக்குப் பலன் இருக்கும். எழுத்தும் எண்ணும் கற்றுக்கொள்ள அவ்வளவு செலவு செய்யத் தேவையில்லை. டெல்லியில் ஸ்பெயின் அரசின் செர்வான்டெஸ் நிறுவனம் இருக்கிறது. ஆன்லைன் வகுப்புகளும் நடத்துகிறார்கள்.

90 நாள்களுக்குள் முடியும் படிப்பு என்றால் ஷெங்கன் குறுகிய கால விசா போதும். பெரியவர்களுக்கு விசா கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவ இன்ஷூரன்ஸ், படிப்பில் சேர்ந்ததற்கான கடிதம், தங்குமிடச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் கேட்பார்கள். 90 நாள்களுக்கு மேல் என்றால் தனியாக மாணவர் விசா எடுக்க வேண்டும்.

விடுதியில் தங்குவதைவிட ஒரு குடும்பத்தோடு தங்குவது நல்லது. சாப்பாட்டில் எது ஆகாது என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பருப்பில்கூடப் பன்றி இறைச்சி போட்டுச் சமைப்பது அங்கே சகஜம்.

வேலைக்குக் காட்ட சான்றிதழ் வேண்டுமென்றால் 'டெலே' தேர்வு எழுதலாம். ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள். ஒருமுறை தேர்ச்சி பெற்றால் அதற்குக் காலாவதி கிடையாது. ஸ்பானிஷ் 20 நாடுகளின் ஆட்சிமொழி. ஐ.நா-வின் ஆறு மொழிகளில் ஒன்று. நம் சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து கார்கள் மெக்ஸிகோ, சிலி, பெரு வரை போகின்றன. அதனால் இந்த மொழிக்கு இங்கேயும் வேலை உண்டு.

கடைசியாக, பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளை போன் செய்யாத நாள்களில் கவலைப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டிலேயே அது நடக்கவில்லை. ஆனால், இரண்டாவது வாரம் அழுதுகொண்டு போன் வந்தால், "திரும்பி வந்துடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த வாரத்தைத் தாண்டினால்தான் மூன்றாவது வாரம் வரும்.

இப்போது எங்கள் வீட்டில்

ஆகஸ்ட்டில் ஊர் திரும்பிய தங்கை, பையிலிருந்து பாட்டி கொடுத்தனுப்பிய துவாலையை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். வளையல்கள் இன்னும் அடகிலிருந்து மீளவில்லை. அடுத்த சீட்டில் மீட்டுவிடலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். தங்கை அடுத்த 'டெலே' தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

கூடவே இன்னொரு வகுப்பும் ஆரம்பமாகியிருக்கிறது. காலையில் காபி போடும் நேரத்தில் அம்மா எங்களிடம் தெலுங்கில் மட்டும்தான் பேச வேண்டும் என்பது தங்கையின் உத்தரவு. முதலில் அம்மா வெட்கப்பட்டார். "எனக்கே பாதி மறந்துபோச்சு" என்றார். பிறகு, டிகாஷனை இறக்கும்போது ஒன்றிரண்டு வார்த்தைகள் வர ஆரம்பித்தன. 'மே குஸ்தா', 'எனக்குப் பிடிக்கும்', தெலுங்கில் 'நாகு இஷ்டம்'. மூன்றும் ஒரே மாதிரி உட்காருவதைத் தங்கை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். எனக்கு இதுவரை ஐம்பது, அறுபது சொற்கள் வந்திருக்கின்றன.

போன வாரம் ராஜம்பேட்டையிலிருந்து பெரியம்மா அம்மாவுக்கு போன் செய்தார். தங்கை போனைப் பிடுங்கி, சாப்பிட்டீர்களா, மழை பெய்கிறதா என்று தெலுங்கில் இரண்டு வரி கேட்டாள். எதிர்முனையில் சத்தமே இல்லை. பிறகு பெரியம்மா, "எவரு மாட்லாடேதி?" என்று கேட்டார். யார் பேசுவது என்று அர்த்தம். தங்கை தன் பெயரைச் சொன்னாள். அவள் சொன்ன இரண்டு வரியிலும் தப்பு இருந்ததாம். பெரியம்மா இரண்டையும் திருத்தி, மறுபடியும் சொல்லச் சொன்னார்.